வயதானவர்களின் ரத்த ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால்: ராமநாதபுரம் கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் 60 வயதைத் தாண்டிய ஒருவருக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தீர்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர் சற்று யோசித்துவிட்டு, "மதுரைக்குப் போய் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்றார். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் அம்மாவுக்கு மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உறுதியாவதற்குள் மண்டபத்துக்கும் மதுரைக்கும் இடையில் நாங்கள் அலைந்ததில் பாதி தேவையில்லாத அலைச்சல். பரிசோதனைகள் வரிசை மாறி நடந்ததால் வந்த வினை அது.

நான் மருத்துவர் அல்ல. எந்த நோய் என்று சொல்வது அவர்கள் வேலை. எந்தக் காகிதம் எப்போது கையில் இருக்க வேண்டும், எந்த ஊசிக்கு முன் எந்தக் குப்பியில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதைக் கவனிப்பது கூட இருப்பவர் வேலை. முதலில் மாதிரி, பிறகு மருந்து. அவசரம் இல்லாதவரை இந்த ஒழுங்கை விடாதீர்கள்.

எதற்கும் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மீதியைப் படித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள், அல்லது உடனே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ரிப்போர்ட்டில் "பிளாஸ்ட்" எனும் முதிராத ரத்த அணுக்கள் தெரிகின்றன என்று எழுதியிருப்பது. தட்டணுக்கள் (பிளேட்லெட்) 20,000-க்குக் கீழே இருப்பது, அல்லது எண்ணிக்கை எதுவானாலும் ஈறு, மூக்கு, மலம், சிறுநீர் வழியாக ரத்தம் போவது. தொற்றை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் 1,000-க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல். வெள்ளையணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டுவது. முதுகு வலியோடு கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, பெரியவர் குழப்பமாகப் பேசுவது அல்லது தூங்கிக்கொண்டே இருப்பது.

கடைசி இரண்டையும் "வயதாகிவிட்டது" என்று வீடுகளில் மிக எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். கால் மரத்துப்போவது தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். அதில் ஒரு நாள் தாமதித்தாலும் நடை திரும்பாமல் போகக்கூடும்.

1. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள்

கண் அறுவை சிகிச்சைக்கு எடுத்தது, சர்க்கரைக்கு எடுத்தது, வெளிநாடு போகும் முன் எடுத்தது என்று எதுவானாலும் சரி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் வளைகுடா போய்வந்தவர்கள் வீட்டில் இப்படிப்பட்ட காகிதங்கள் நிறையக் கிடக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹீமோகுளோபின் 12.8, இப்போது 8.9 என்றால் அது ஒரு கதை. பத்து ஆண்டுகளாகவே 10.5-ல் நிற்கிறது என்றால் அது வேறு கதை. இந்த இரண்டையும் பிரித்துக்காட்ட எந்த இயந்திரத்தாலும் முடியாது. பழைய தாள் காட்டிவிடும்.

தேதி, ஹீமோகுளோபின், வெள்ளையணு, தட்டணு, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் எண்) என்று ஐந்து கட்டங்கள் போட்டு ஒரே தாளில் எழுதுங்கள். மருத்துவர் உங்களுக்குத் தரும் நேரம் குறைவு. கட்டுக் கட்டாக ரிப்போர்ட்டைப் பிரித்துக் காட்டுவதைவிட இந்த ஒற்றைத் தாள் அதிகம் பேசும். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீதும் ரிப்போர்ட்டும் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

2. சி.பி.சி. ரிப்போர்ட்டை நீங்களும் படியுங்கள்

சி.பி.சி. எனப்படும் முழு ரத்த அணு எண்ணிக்கைதான் எல்லாவற்றுக்கும் வாசல். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியதில்லை. நோன்பு மாதத்திலும் தயங்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசம், தனியார் லேபில் தோராயமாக ₹250 முதல் ₹500 வரை.

பார்க்க வேண்டியவை மூன்று வரிசைகள். ஹீமோகுளோபின்: உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஆணுக்கு 13-க்குக் கீழ், பெண்ணுக்கு 12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. வெள்ளையணுக்கள்: பொதுவாக 4,000 முதல் 11,000 வரை. தட்டணுக்கள்: ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. ஒரு வரிசை மட்டும் குறைந்தால் காரணங்கள் ஏராளம். இரண்டோ மூன்றோ சேர்ந்து குறைந்தால் ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையின் மேல் சந்தேகம் கூடுகிறது.

அதிகமாக இருப்பதும் கேள்விக்குரியதுதான். ஹீமோகுளோபின் ஆணுக்கு 16.5-க்கு மேல், பெண்ணுக்கு 16-க்கு மேல் நிலையாக இருந்தால், "உடம்பில் நல்ல ரத்தம்" என்று மகிழ வேண்டாம். ஜாக்-2 என்ற மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வேரா என்ற நோயில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மரபணுவில் மாற்றம் இருக்கும். பீடி, சிகரெட் புகைப்பவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் நோய் இல்லாமலேயே ஹீமோகுளோபின் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பலர் ஏமாறும் இடம் சதவீதம். லிம்போசைட் என்பது வெள்ளையணுவில் ஒரு வகை. "லிம்போசைட் 60%" என்று சிவப்பில் அச்சிட்டிருப்பார்கள். மொத்த வெள்ளையணு 5,000 என்றால் அதில் 60% என்பது 3,000. அதில் பயப்பட ஒன்றுமில்லை. மொத்தம் 20,000 என்றால் அதே 60% என்பது 12,000. அது விசாரிக்க வேண்டிய எண். ஆகவே சதவீதத்தை மொத்தத்தோடு பெருக்கிப் பார்க்காமல் யாரிடமும் கலங்கி நிற்காதீர்கள்.

3. ஸ்மியர் கேட்டு வாங்குங்கள்

இயந்திரம் அணுக்களை எண்ணும். ஆனால், பிளாஸ்ட் அணுக்களைச் சில நேரம் லிம்போசைட் என்றும் மோனோசைட் என்றும் கணக்கில் சேர்த்துவிடும். அதனால் நோயியல் மருத்துவர் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்து எழுதும் "பெரிஃபெரல் ஸ்மியர்" ரிப்போர்ட் வேண்டும். கூடுதலாகச் சில நூறு ரூபாய்தான் ஆகும். இந்த முழுப் பாதையிலும் கொடுத்த காசுக்கு மிக அதிகமாகத் தகவல் தருவது இதுதான் என்பது என் கருத்து.

அதில் வரும் சில சொற்களை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுக்கள் நாணய அடுக்குபோல் ஒட்டி நிற்பதை "ரூலோ" என்பார்கள். மைலோமாவில் இது தெரியும், வேறு சில அழற்சிகளிலும் தெரியும். "ஸ்மட்ஜ் செல்" நிறைய இருந்து லிம்போசைட்டும் கூடியிருந்தால் சி.எல்.எல். என்ற நிதானமான ரத்தப் புற்றுநோயை நினைப்பார்கள். கண்ணீர்த் துளி வடிவச் சிவப்பணுக்கள் மஜ்ஜையில் நார் படிவதைக் காட்டலாம். பெரிய சிவப்பணுக்களும் கிளைகள் குறைந்த நியூட்ரோஃபில்களும் சேர்ந்து வந்தால் எம்.டி.எஸ். என்ற மஜ்ஜைக் கோளாறு சந்தேகம்.

மாதிரி எங்கே எடுக்கப்படுகிறது, எங்கே பார்க்கப்படுகிறது என்று கேளுங்கள். சாயல்குடியிலோ தொண்டியிலோ உள்ள சேகரிப்பு மையத்தில் காலையில் எடுத்த குப்பி, வெயிலில் பஸ் ஏறி மாலையில் மதுரை போய்ச் சேர்ந்தால் அணுக்கள் சிதைந்திருக்கும். ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் ஸ்மியருக்காகத் தகட்டில் தேய்க்கப்பட வேண்டும். கூடியவரை லேபும் நோயியல் மருத்துவரும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடத்துக்கே பெரியவரை அழைத்துச் செல்லுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்குவது இதற்காகவே நல்லது.

இன்னொரு பொறி: ஊதா மூடிக் குப்பியில் சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அவற்றை எண்ணாமல் "40,000" என்று அச்சிடும். உடம்பில் ரத்தக்கசிவு எதுவும் இல்லாமல் தட்டணு மட்டும் திடீரெனக் குறைந்தால், நீல மூடிக் குப்பியில் மறுபடி எடுத்து ஸ்மியரோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

4. மாதிரி எடுக்கும்வரை நிறுத்திவைக்க வேண்டிய மூன்று

இதைத்தான் நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பி12 ஊசி. சோர்வு என்றதும் ஊரில் முதலில் போடுவது இதுதான். போட்ட பிறகு ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்தால் அது உச்சத்தில் நிற்கும். குறைபாடு இருந்ததா இல்லையா என்பது தெரியாமலே போய்விடும். பி12 குறைபாடு எம்.டி.எஸ்.ஸைப் போலவே வேடம் போடும் என்பதால் இந்த ஒரு எண் இல்லாமல் மேலே நகர முடியாது. பி12, ஃபோலேட், ஃபெரிட்டின், ரெட்டிக்குலோசைட் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுத்த பிறகு ஊசி போடட்டும்.

ஸ்டீராய்டு. கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருக்கும்போது டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் கொடுத்துவிட்டால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டி தற்காலிகமாகச் சுருங்கும். பயாப்சியில் (கட்டியிலிருந்து துண்டு எடுத்துப் பார்ப்பதில்) நோய் தெரியாமல் போகலாம். மூச்சுக்குழல் அடைப்பு போன்ற உயிராபத்து இல்லையென்றால், பயாப்சி முடியும்வரை வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். சில இடங்களில் "மூட்டு வலிக்கு" என்று பெயர் எழுதாத பொட்டலத்தில் தரும் மாத்திரையிலும் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. பெரியவர் அப்படி எதையாவது சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்தம் ஏற்றுவது. மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் இருந்தால் ஏற்றத்தான் வேண்டும், தடுக்காதீர்கள். ஆனால், ஏற்றுவதற்கு முன் இரண்டு மூன்று குப்பிகள் எடுத்து வைக்கச் சொல்வதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஏற்றிய பிறகு எடுக்கும் ரத்தத்தில் ஒரு பங்கு இன்னொருவருடையது.

5. சாதாரணக் காரணங்களுக்கு முதலில் இடம் கொடுங்கள்

ரத்தம் மாறியவர்கள் எல்லாருக்கும் புற்றுநோய் இல்லை. பெரும்பாலோருக்கு இல்லை என்பதே உண்மை. சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, கல்லீரல் நோய், காசநோய், மதுப்பழக்கம், மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் ஆகியவை எல்லாம் அணுக்களைக் குலைக்கும். மழைக்கால டெங்குவில் தட்டணு இறங்கும். ராமேஸ்வரம் தீவில் மலேரியா பழைய விருந்தாளி, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கடும் நோய்த்தொற்றில் வெள்ளையணு 30,000-ஐத் தாண்டுவது உண்டு. காய்ச்சல் தணிந்து சில வாரம் கழித்து மறுபடி எடுத்தால் பல பயங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

இரும்புச்சத்துக் குறைவு என்று வந்தால் டானிக் வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். வயதான ஆணுக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்பு குறைகிறது என்றால் பெரும்பாலும் ரத்தம் எங்கோ கசிகிறது என்று பொருள். வயிறும் குடலும் பார்க்கப்பட வேண்டும். அது வேறு பாதை, ஆனால் அதுவும் தள்ளிப்போடக் கூடாத பாதை.

6. முதுகு வலியும் ரத்தசோகையும் சேர்ந்து வந்தால்

இந்தப் பகுதியில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு வந்தது இதுதான்.

கரையோரத்தில் வலை இழுத்தும் மீன் கூடை சுமந்தும் உப்பளத்தில் குனிந்தும் வாழ்ந்த உடம்புக்கு முதுகு வலி என்றால் யாருக்கும் ஆச்சரியம் வராது. எண்ணெய் தேய்ப்பார்கள், மிதித்துவிடுவார்கள், வலி ஊசி போடுவார்கள். மைலோமாவில் எலும்பு உள்ளே அரித்துப்போயிருக்கும். மிதித்தால் முதுகெலும்பு நொறுங்கலாம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசிகள் ஏற்கெனவே சுமை தாங்கும் சிறுநீரகத்தை வீழ்த்தலாம். ஆகவே 50-ஐத் தாண்டியவருக்கு வாரக்கணக்கில் குறையாத எலும்பு வலி, ரத்தசோகை, ஏறிய கிரியாட்டினின் இவற்றில் இரண்டு சேர்ந்தால் மிதிப்பதையும் வலி ஊசியையும் அன்றே நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீர் போதுமான அளவு குடிக்க வையுங்கள்.

உள்ளூரிலேயே எடுக்கக்கூடிய மலிவான துப்பு ஒன்று உண்டு. கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் மொத்தப் புரதம், அல்புமின் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மொத்தம் 9.8, அல்புமின் 3.0 என்றால் மிச்சம் 6.8. இந்த மிச்சம் 4-ஐத் தாண்டினால் ஏன் என்று கேட்க வேண்டும். கூடவே அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 100-ஐத் தாண்டியிருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நாள்பட்ட தொற்றிலும் கல்லீரல் நோயிலும் இந்த மிச்சம் ஏறும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

அடுத்துக் கேட்க வேண்டியவை: கால்சியம், கிரியாட்டினின், சீரம் புரத எலக்ட்ரோஃபோரெசிஸ் (ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டுவது), இம்யூனோஃபிக்சேஷன், சீரம் ஃப்ரீ லைட் செயின். எலக்ட்ரோஃபோரெசிஸ் வரைபடத்தில் ஒல்லியான உயர்ந்த கோபுரம் தெரிந்தால் அது "எம் பேண்டு". ஒரே வகை அணு பெருகிப் புரதத்தைக் கொட்டுகிறது என்று அர்த்தம். அகன்ற மேடாக இருந்தால் அது பெரும்பாலும் தொற்று, அழற்சி சமாச்சாரம்.

எலக்ட்ரோஃபோரெசிஸ் நார்மல் என்று வந்ததும் பலர் கதவைச் சாத்திவிடுகிறார்கள். சில மைலோமாக்கள் லைட் செயின் என்ற புரதத் துண்டை மட்டுமே சுரக்கும். மொத்தப் புரதமும் ஒழுங்காக இருக்கும், கோபுரமும் தெரியாது. ஃப்ரீ லைட் செயின் பரிசோதனைதான் அதைப் பிடிக்கும். தனியார் லேபில் சில ஆயிரம் ரூபாய் ஆகும், வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் இதை விடாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. 70-ஐத் தாண்டியவர்களில் சிலருக்குச் சிறிய எம் பேண்டு இருக்கும், வேறு எந்தத் தொல்லையும் இருக்காது. அதை எம்.ஜி.யு.எஸ். என்பார்கள். ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவுக்கே அது நோயாக மாறுகிறது. அதற்கு மருந்து தேவையில்லை, இடைவெளி விட்டுப் பரிசோதனைதான். கோபுரத்தைப் பார்த்ததும் வீட்டில் அழுகை தொடங்க வேண்டியதில்லை.

7. எங்கே போவது, எந்தக் காகிதத்தோடு போவது

பொது மருத்துவரிடமிருந்து ரத்தவியல் அல்லது புற்றுநோய் மருத்துவத் துறைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நமக்கு அருகில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. ராமநாதபுரத்திலிருந்து சாலை வழியாகச் சுமார் 110 கி.மீ. அதற்கு மேல் தேவைப்பட்டால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மையம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகியவை இருக்கின்றன. சி.எம்.சி.க்கு முன்பதிவு செய்யும்போது எந்த வளாகம் என்று சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர் நகரமும் ராணிப்பேட்டை வளாகமும் ஒன்றல்ல.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லையென்றால், நோய் உறுதியாகும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள். ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு இது பொருந்தும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, குடும்பத்தினரின் ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பெரியவரால் நடக்க முடிகிற நாட்களிலேயே இதை முடிப்பது நல்லது.

நம் பகுதியில் காகிதம் சிக்கும் இடம் பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, குடும்ப அட்டையில் வேறு எழுத்து, தேவாலயப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று. முதல் லேபில் பதிவு செய்யும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரும் வயதும் எழுதச் சொல்லுங்கள். பின்னால் காப்பீட்டு மேசையில் "இந்த பயாப்சி இவருடையதுதானா" என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஒரு தனியார் மருத்துவமனையில் எங்களை இந்த ஒரு காரணத்துக்காகவே உட்கார வைத்தார்கள். அம்மா நாற்காலியில் சாய முடியாமல் முனகிக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்தவருக்கு ஒரு எழுத்துதான் பெரிதாகத் தெரிந்தது.

காப்பீட்டில் முன் அனுமதி வாங்கிய பிறகு செய்யும் சிகிச்சைக்கே பணம் கிடைக்கும். அவசரத்தில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் திரும்ப வராது என்று எண்ணியே திட்டமிடுங்கள். எந்தப் பரிசோதனை திட்டத்துக்குள் வருகிறது என்று ரத்தம் எடுக்கும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

நேரம் குறித்து ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், அப்போது கூட்டிப்போகலாம் என்று பல வீடுகளில் நாள் தள்ளுகிறார்கள். ரத்தம் தடைக்காலம் பார்க்காது. புயல் எச்சரிக்கை நாட்களில் பாம்பன் பாலத்தில் ரயில் நிற்கக்கூடும் என்பதால், தீவில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் முன்பதிவு வைத்திருந்தால் முந்தின நாளே மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ வந்துவிடுவது நல்லது.

8. எல்லோருக்கும் இடுப்பில் ஊசி தேவையில்லை

லிம்போசைட் கூடியிருப்பவருக்கு முதலில் கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரி (அணுக்களின் வகையைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை) செய்தாலே போதும். ஒரே வகைப் பி அணுக்கள் (லிம்போசைட்டில் ஒரு பிரிவு) 5,000-க்கு மேல் மூன்று மாதங்களாவது நிலைத்திருந்தால் சி.எல்.எல். அதற்குப் பெரும்பாலும் மஜ்ஜைப் பரிசோதனை வேண்டியதில்லை. பலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்தும் வேண்டியதில்லை. சி.எம்.எல். என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற பரிசோதனையும் கை ரத்தத்திலேயே முடியும். அந்த நோய்க்கு மாத்திரை இருக்கிறது, மாத்திரையோடு நீண்ட காலம் வாழ்கிறார்கள். கழுத்துக் கட்டிக்கு மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு முடிவு சொன்னால் நிறைவடையாதீர்கள். லிம்போமாவுக்கு முழுக் கணுவையோ நல்ல துண்டையோ எடுத்துச் செய்யும் பயாப்சி வேண்டும். "காசநோய்தான்" என்று பயாப்சி இல்லாமல் மாதக்கணக்கில் மாத்திரை தின்றவர்களை நான் காத்திருப்பு அறைகளில் பார்த்தேன்.

மைலோமா, எம்.டி.எஸ்., அக்யூட் லுக்கேமியா (வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய்) ஆகியவற்றுக்கு மஜ்ஜை எடுக்கத்தான் வேண்டும். இடுப்பின் பின்பக்க எலும்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, முதலில் நீர்மமாக மஜ்ஜையை உறிஞ்சுவார்கள், பிறகு பென்சில் ஈயக்குச்சி போன்ற சிறிய எலும்புத் துணுக்கு எடுப்பார்கள். மொத்தம் அரை மணி நேர வேலை. உறிஞ்சும் சில நொடிகள் நன்றாகவே வலிக்கும், அதைப் பெரியவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதுகில் போடும் ஊசி அல்ல, கால் விழுந்துவிடாது என்பதையும் சொல்லுங்கள். நம் ஊரில் அந்தப் பயம் அதிகம்.

போகும் முன்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தளர்ந்த வேட்டி அல்லது நைட்டி. ஒப்புதல் படிவத்தில் நோயாளியே கையெழுத்துப் போட வேண்டும், ஆகவே "அவருக்குத் தெரியக் கூடாது" என்ற திட்டம் இங்கே உடைந்துவிடும். உடையட்டும் என்பதே என் எண்ணம். கடலுக்குப் போய் வாழ்ந்தவர்கள் நாம் நினைப்பதைவிட உறுதியானவர்கள்.

திங்கள் முதல் வியாழனுக்குள் எடுக்கும்படி கேளுங்கள். ஃப்ளோவுக்கும் குரோமோசோம் பரிசோதனைக்கும் அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினால் ஞாயிறு முழுக்கக் கூரியரில் கிடக்கும், "அணுக்கள் வளரவில்லை" என்ற ரிப்போர்ட் வரும், இடுப்பில் மறுபடி ஊசி. எந்தக் குப்பி எந்தப் பரிசோதனைக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறிஞ்சும்போது முதலில் வரும் மஜ்ஜைதான் ஸ்மியருக்குச் சிறந்தது, அதற்குப் பின் வருவதில் ரத்தம் கலந்துவிடும். பல லேபுகளுக்குப் பங்கு போடுகிறார்கள் என்றால் இதையும் நினைவூட்டலாம்.

9. எது எப்போது வரும், எவ்வளவு ஆகும்

மஜ்ஜை ஸ்மியர் ஓரிரு நாட்களில். ஃப்ளோ இரண்டு மூன்று நாட்களில். எலும்புத் துணுக்கில் சுண்ணாம்பைக் கரைத்த பிறகே வெட்ட முடியும் என்பதால் ஒரு வாரம் போல. குரோமோசோம் பரிசோதனை இரண்டு மூன்று வாரம். மரபணு வரிசைப் பரிசோதனை மூன்று நான்கு வாரம். ஸ்மியர் ரிப்போர்ட் வந்ததும் "முடிந்தது" என்று ஊர் திரும்பிவிடாதீர்கள். மருந்து எது என்பதைப் பல நேரம் கடைசியாக வரும் தாள்தான் தீர்மானிக்கும்.

தனியாரில் மஜ்ஜை எடுக்க ஐந்து முதல் பதினைந்தாயிரம், ஃப்ளோவுக்கும் அதே போல, மரபணு வரிசைக்கு அதைவிட அதிகம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் மாறும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதித் தந்தால், "எந்த முடிவு வந்தால் சிகிச்சை மாறும், அதை மட்டும் முதலில் எடுக்கலாமா" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

10. ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு

நோயின் முழுப் பெயர், அதன் வகை, எந்த அளவுகோலின்படி முடிவு செய்தார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். உதாரணமாக மைலோமாவில் மஜ்ஜையில் பிளாஸ்மா அணுக்கள் 10 சதவீதமாவது இருப்பதோடு, கால்சியம் 11-க்கு மேல், கிரியாட்டினின் 2-க்கு மேல், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ், எலும்பில் அரிப்பு இவற்றில் ஏதாவது ஒன்றையும் பார்ப்பார்கள். அக்யூட் மைலாய்டு லுக்கேமியாவுக்குப் பொதுவாக பிளாஸ்ட் 20 சதவீதத்தைத் தொட வேண்டும், குறைவாக இருந்தால் எம்.டி.எஸ். பக்கம் யோசிப்பார்கள். எல்லையில் நிற்கும் எண் என்றால் இரண்டாவது நோயியல் மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

அதற்கு வேண்டியது ஸ்லைடும் (கண்ணாடித் தகடு) பாரஃபின் பிளாக்கும் (மெழுகில் பதித்த திசு). வேறு மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால் கடிதம் கொடுத்து இவற்றை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பிளாக் தொலைந்தால் மறுபடி ஊசிதான். காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், மே மாதத்தில் மெழுகு உருகும்.

"இந்த வயதில் எதற்கு இத்தனை வேதனை" என்று சொந்தங்கள் கேட்பார்கள். நோய் என்னவென்று தெரிந்துகொள்வதும் கடும் சிகிச்சை எடுப்பதும் வெவ்வேறு. பெயர் தெரிந்தால் சிலருக்கு மாத்திரை மட்டும், சிலருக்கு வெறும் கண்காணிப்பு, சிலருக்கு வலி குறைக்கும் வைத்தியம் மட்டும் போதும் என்று பெரியவரே தேர்ந்தெடுக்க முடியும்.

நோய் உறுதியானதும் ரயில் சலுகைக்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வரும் ஒருவருக்கு 75%. ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குப் போகும் இரவு ரயில்களில் அடிக்கடி ஏற வேண்டியிருப்பவர்களுக்கு இது சிறிய தொகை அல்ல. ரயில்வே வகுத்த படிவத்தில்தான் சான்று இருக்க வேண்டும். மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், மருத்துவமனை முத்திரை மூன்றும் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று மருத்துவமனையை விட்டு வெளியே வரும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.